செவிட்டு மெம்பர் வேண்டுமா?

எங்கள் பேருந்து நிலையத்தில் மைக் அக்காவின் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் இல்லை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் வீட்டுக் குழந்தை அழுதுகொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறது, எல்லாமே அவள் வாயால் சொல்லித்தான் வெளியே தெரியும். அவளுடைய கண்ணாடி அறைக்கும் நான் வேலை பார்க்கும் சாமான் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பயணிகள் விட்டுப் போகும் பெட்டிகளுக்கு டோக்கன் போட்டு அடுக்கி வைப்பது என் வேலை. அதனால் அவளுடைய இரண்டு குரலும் எனக்குப் பழக்கம். மைக்கில் பேசும்போது தேன் வடியும். மைக்கை அணைத்துவிட்டுப் பேசும்போது பக்கத்தில் நிற்க முடியாது.

“பயணிகளின் அன்பான கவனத்திற்கு” என்று ஊருக்கே குழைந்துவிட்டு, சுவிட்சைத் தட்டிய மறு நொடி தடுப்பின் மேல் தலையை நீட்டுவாள். “அவன் டிரைவரா, மாடு மேய்க்கிறவனா? வண்டியைக் குறுக்க நிறுத்திட்டு எங்க போய்த் தொலைஞ்சான்? பாருடி நீயே.”

அவள் கணவர் மோட்டார் மெக்கானிக். தண்ணீர் மோட்டார்களைப் பிரித்து, எரிந்துபோன கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதுச் சுருள் சுற்றிக் கொடுப்பவர். அவர்கள் கல்யாணமே எங்கள் நிலையத்தில் முடிவானதுதான். மேல்தொட்டி மோட்டாரைச் சரிசெய்ய வந்தவர், அக்கா என்ன சொன்னாலும் “இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார். “என் குரல்ல மயங்கிட்டாருன்னு நெனச்சேன்டி. இடது காது கேக்காதுங்கிறது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது” என்பாள். பட்டறைச் சத்தத்தில் இளம் வயதிலேயே போன காது. வலது காது நன்றாகவே கேட்கும். வீட்டில் அக்கா எப்போதும் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவாள். அப்படி உட்கார்ந்து சொன்னாலும் அவர் கேட்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

அவர் வார்டு தேர்தலில் நிற்க வந்த கதையும் அந்தக் காதால்தான்.

அவர்கள் வார்டில் மூன்று தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஒன்று பழுதாகிக் கிடந்தது. அப்போது மெம்பராக இருந்தவர் சோபாக் கடைக்காரர். சோபா என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள், முகத்துக்கு நேரே மட்டும் சொல்ல மாட்டார்கள். யார் போய்க் கேட்டாலும், “மேல எழுதியிருக்கேன், வந்துரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே யாருக்கு எழுதினார், என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் மோட்டார்க்காரர் ஒரு காலை போய் பம்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். சுருள் சுற்றி, திரும்ப மாட்டி, ஓடவிட்டுவிட்டுக் கைகழுவிக்கொண்டு வந்துவிட்டார். அன்று சாயங்காலம் தெருக்காரர்கள் பட்டறைக்கு வந்து சூழ்ந்துகொண்டு, “நீங்களே நில்லுங்களேன்” என்றார்கள். பேசியவர்கள் எல்லோரும் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் ஏதோ நன்றி சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டியிருக்கிறார்.

“அவங்க கேட்டது இவருக்குக் கேக்கவே இல்லடி! நான் டூட்டி முடிச்சு வீட்டுக்குப் போறேன், வாசல்ல மாலையோட ஒருத்தர் நிக்கறாரு. யாருக்குப்பா மாலைன்னு கேட்டா, வேட்பாளருக்குன்னு சொல்றாரு. உள்ள போய் ‘நிக்கறீங்களாமே’ன்னேன். ‘அப்படியா?’ங்கறாரு இந்த மனுஷன்!”

மறுத்துவிடலாமே என்று கேட்டேன். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்ததாம்.

மூன்றாவதாக ஒருவரும் மனு போட்டிருந்தார். தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மற்ற இரண்டு பேரின் மனுவையும் நகல் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். எடுத்ததில் ஒரு படிவம் மிச்சமாகி, அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பேச்சு. கடை வாசலில் ‘நானும் நிற்கிறேன்’ என்று ஒரே ஒரு தாளை ஒட்டியதோடு அவருடைய பிரசாரம் முடிந்தது. அவரை யாரும் ஒரு ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வாரம் அமைதியாகத்தான் போயிற்று. மோட்டார்க்காரர் வீடு வீடாகப் போனார். போன இடத்தில் குழாய் ஒழுகினால் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார், ஓட்டுக் கேட்க மறந்துவிட்டு வந்தார். ஆனாலும் மக்களுக்கு அவர்மேல் ஒரு பிடிப்பு வந்துகொண்டிருந்தது. அது சோபாவுக்குத் தெரிந்த அன்றிலிருந்து ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்கள்.

“பம்பைக் கெடுத்தது யார்? கெடுத்தவரே சரிசெய்து பெயர் வாங்குகிறாரே, சிந்திப்பீர்!”

அது முதல் அம்பு. அடுத்த நாள் இரண்டாவது.

“உங்கள் குறையைக் கேட்க ஒரு காதாவது வேண்டாமா? செவிட்டு மெம்பர் வேண்டுமா?”

அந்த ஆட்டோ எங்கள் நிலையத்தைச் சுற்றிக்கொண்டுதான் வார்டுக்குப் போகும். அது கத்திக்கொண்டு கடந்துபோன நேரத்தில் அக்கா அறிவிப்பு செய்துகொண்டிருந்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு வண்டியின் பெயரைத் தப்பாகச் சொன்னாள். தெற்கே போக வேண்டிய கூட்டம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கு வண்டிக்கு ஓடியது.

அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் நடந்ததை மறுநாள் தடுப்புக்கு மேல் தலை வைத்து வரிவரியாக என்னிடம் சொன்னாள். அவள் தம்பியும் அங்கே இருந்திருக்கிறான். மொபைல் கடையில் வேலை, பிரசாரப் பொறுப்பு முழுக்க அவனுடையது.

“மாமா, ஏதாவது பதில் சொல்லணும்” என்றானாம் தம்பி.

“விடுப்பா.”

“என்ன மாமா விடு? ஊரெல்லாம் கேக்கறாங்க.”

“என்னைத் தெரிஞ்சவங்க நம்ப மாட்டாங்க.”

அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள். “தெரியாதவங்களுக்கும் ஓட்டு இருக்குங்க! நீங்க பம்பைக் கெடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரு காது நல்லாக் கேக்கும்னு இன்னொரு வார்த்தை சொல்லுங்க. பொய்க்குப் பதில் சொன்னா அது சண்டையா?”

“இன்னிக்கு இதுக்குப் பதில் சொன்னா நாளைக்கு இன்னொண்ணு சொல்வாரு. நான் மோட்டார் சுத்தறதா, அவருக்குப் பதில் சொல்லிக்கிட்டே திரியறதா? நாளைக்கும் இதே தெருவுலதானே அவர் முகத்துல முழிக்கணும்? விடு.”

தம்பியின் எண்ணம் வேறு. பதில் சொல்வது கையாலாகாதவன் வேலை, திருப்பி அடிக்க வேண்டும் என்பது அவன் பேச்சு. “மாமா, இது தேர்தல், பொண்ணு பாக்கற பேச்சு இல்ல. அவர் ஒண்ணு சொன்னா நாம ரெண்டு சொல்லணும். அவர் வீட்டுல இல்லாத கதையா?”

“அவர் வீட்டுக்குள்ள நமக்கென்ன வேலை?” என்று சொல்லிவிட்டு அவர் கைகழுவப் போய்விட்டாராம்.

“அந்த ‘விடு’ங்கிற வார்த்தையை எவன் கண்டுபிடிச்சானோ, அவன் மட்டும் என் கையில கிடைக்கணும்” என்றாள் அக்கா.

பதில் சொல்லாததன் பலன் சீக்கிரமே தெரிந்தது. லாண்டரிக்காரர் பல வருடப் பழக்கம். பாதி பிரித்துப் போட்டிருந்த தன் மோட்டாரை, “அவசரம் இல்ல, வேற இடத்துல பாத்துக்கறேன்” என்று அப்படியே அள்ளிக்கொண்டு போனார். ஓட்டுக் கேட்கப் போன வீடுகளில் எல்லோரும் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். வெறுத்துக் கத்தவில்லை, பாவம் என்று கத்தினார்கள். ஒரு அம்மா கையால் குடம் பிடிப்பது போலவும், குழாய் திறப்பது போலவும், காற்று வருவது போலவும் சைகை காட்டியிருக்கிறார். இவர் பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டு, “கேக்குதுங்க. தண்ணி வரலை, அதானே?” என்றாராம். அந்த அம்மா பயந்து உள்ளே போய்விட்டார்.

அக்காவையும் விடவில்லை. நிலையத்தில் டீ விற்பவர், “நீங்க மைக்லயே பேசிப் பழகினதுக்கு இதுதான் காரணமா?” என்று சிரித்தார். நடத்துனர்கள் அவள் அறையைக் கடக்கும்போது காதில் கை வைத்து, “என்ன? என்ன?” என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அறிவிப்பு செய்தாள். தேன் குறைந்துகொண்டே வந்தது. “அன்பான கவனத்திற்கு” என்பது “ஒழுங்காகக் கவனிக்கிறீர்களா இல்லையா” என்பது போல் ஒலித்தது.

ஒரு நாள் மத்தியானம் தம்பி வந்தான். கண்ணாடி அறைக்குள் நின்று போனைக் காட்டி ஏதோ சொன்னான். அக்கா படித்துக்கூடப் பார்க்கவில்லை.

“என்னவோ போடு. எதை வேணா போடு. என்னால முடியலடா.”

அவன் போட்டது இதுதான். ‘சோபாவின் வீட்டில் சோபா மட்டும்தான் இருக்கிறது. மனைவி எங்கே? வீட்டைக் காக்கத் தெரியாதவரா வார்டைக் காப்பார்?’ கீழே ஒரு காலி சோபாவின் படம்.

சாயங்காலத்துக்குள் அது வார்டு முழுக்கப் போன் போனாகத் தாவியது. எங்கள் நிலையத்துக்கும் வந்தது. நடத்துனர்கள் இப்போது காதைப் பிடிப்பதை விட்டுவிட்டு, காலியாகக் கிடக்கும் பெஞ்சைக் காட்டி, “மனைவி எங்கே?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அக்கா அன்று என்னிடம், “திருப்பிக் குடுத்தா எப்படி இருக்குன்னு அந்த ஆளுக்கும் தெரியட்டும்” என்றாள். குரலில் தேன் திரும்பியிருந்தது. அவள் சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

வீட்டில் மோட்டார்க்காரர் அந்தச் செய்தியைப் படித்தார். விடு என்று சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தானே கழுவி வைத்துவிட்டு, “அந்த அம்மா உனக்கு என்ன பண்ணினாங்க?” என்று கேட்டார்.

“திட்டியிருந்தாக்கூட நானும் ரெண்டு வார்த்தை திட்டியிருப்பேன்டி” என்றாள் மறுநாள். “கேள்வி கேட்டுட்டுப் போய்ப் படுத்துக்கிட்டாரு. நான் யாருகிட்ட சண்டை போடறது, சுவத்துக்கிட்டயா? ஊர்க்காரன் திட்டறப்போ வராத ரோஷம், நான் திருப்பிக் குடுத்தா மட்டும் வருது.”

சோபா சும்மா இருப்பாரா? ஆட்டோவில் புது வசனம் வந்தது. குடும்பப் பெண்களை இழிவுபடுத்தும் கூட்டம் என்று. தம்பி அதற்கு ஒரு பதில் போட்டான். அவர்கள் அதற்கு ஒன்று. பம்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேச ஆள் இல்லாமல் போயிற்று. தேர்தலுக்கு முந்தின வாரத்தில் வார்டில் யாரைக் கேட்டாலும், “ரெண்டு பேரும் அடிச்சுக்கட்டும், நமக்கென்ன” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் அக்காவின் மைக் சுவிட்ச் தகராறு செய்ய ஆரம்பித்தது. அமுக்கினால் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். விரலால் இரண்டு தட்டுத் தட்டினால்தான் வெளியே வரும். மைக் ஓடுகிறதா என்று காட்டும் சிவப்பு விளக்கு அதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. அக்கா நிலைய மேலாளரிடம் பல தடவை சொன்னாள். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். பார்க்கலாம் என்றார்.

வெயில் ஏறிய ஒரு நேரம். வெளியூர் வண்டியிலிருந்து ஒரு அம்மா இறங்கினார். இரண்டு கையிலும் பெரிய பைகள். நேராக அக்காவின் அறைக்குப் போய், கதவைத் திறந்து, பைகளை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே நின்றார். அக்கா அப்போதுதான் ஒரு அறிவிப்பை முடித்து சுவிட்சைத் தட்டியிருந்தாள். ஒரு தட்டுதான் தட்டினாள்.

“நீங்கதான் மைக்கா?”

“ஆமா. விசாரணைன்னா பக்கத்து ஜன்னல்ல கேளுங்கம்மா.”

“விசாரணைதான். ஆனா அதை உங்ககிட்டதான் கேக்கணும். நான் சோபாக் கடைக்காரர் சம்சாரம்.”

இது எனக்குத் தடுப்பு வழியாக ஒரு தடவை கேட்டது. ஒரு நொடி கழித்து வெளியே எல்லா மேடைகளிலிருந்தும் இன்னொரு தடவை கேட்டது. கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். வாசலை இரண்டு பைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. கண்ணாடியைத் தட்டி, மைக்கைக் காட்டி, கழுத்தை அறுப்பது போல சைகை செய்தேன். அக்கா என்னைப் பார்த்து, அப்புறம் வா என்று கையை வீசினாள். உள்ளே மேசை விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. வெளியே ஒலித்தது அவர்கள் இருவருக்கும் கேட்கவில்லை.

“என் தங்கச்சி இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்துக் கிடக்கறா. அவளைத் தூக்கி உக்கார வைக்க வேற ஆள் இல்லைன்னு போனேன். அங்க இருக்கறப்போ போன்ல வருது, சோபா வீட்டுல மனைவி எங்கேன்னு. என் மருமகன் அனுப்பறான், ‘அத்தை, ஓடிப்போயிட்டீங்களா?’ன்னு. பக்கத்துல ஒரு சிரிக்கிற பொம்மை வேற. ஏங்க, நான் தேர்தல்ல நிக்கறேனா?”

வெளியே தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீங்க நிக்கலைங்க” என்றாள் அக்கா. “உங்களை இழுத்தது தப்புதான். நான்தான் போடச் சொன்னேன். என்ன போடறான்னுகூடப் பாக்கலை. ஆனா எனக்கும் வயிறு எரிஞ்சுதுங்க. எங்க வீட்டுக்காரர் காதை வெச்சு ஊரே சிரிக்குது. ஒரு காது பட்டறையில போச்சு. யாரு வீட்டுச் சொத்தையாவது தின்னு போச்சா?”

“அது அயோக்கியத்தனம்தான். நான் போன்லயே அவரைக் கிழிச்சேன். அவருக்கு ரெண்டு காதும் கேக்குதே, என்ன பிரயோஜனம்? மூணு தெரு சனம் பம்பு ரிப்பேர்னு வந்து கத்திச்சே, ஏறிச்சா? மேல எழுதியிருக்கேன், மேல எழுதியிருக்கேன்னு சொல்றாரே, ஒரு வரி எழுதலைங்க! பேனாவே எடுக்கலை! நான் வீட்டுல இருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன்.”

இரண்டாவது மேடையில் வண்டியைக் கிளப்பிய ஓட்டுநரை, “இருப்பா, முடியட்டும்” என்று பயணிகளே தடுத்துவிட்டார்கள். இஞ்சினை அணைத்துவிட்டு அவரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“நீங்களாவது பரவாயில்லைங்க” என்றாள் அக்கா. அவளுக்கு மடை திறந்துவிட்டது. “உங்க வீட்டுக்காரராவது ஆசைப்பட்டு நிக்கறாரு. எங்க மனுஷன் நிக்கறேன்னு சொல்லவே இல்ல. என்ன கேட்டாங்கன்னு தெரியாமலே தலையை ஆட்டிட்டாரு! திட்டினா விடு, பொய் சொன்னா விடு, மிதிச்சுட்டுப் போனாலும் விடு. நாளைக்கு இவர் ஜெயிச்சுப் போய் அங்க என்னத்தைக் கேட்டு வாங்கப் போறாரு? அதிகாரி இல்லைன்னா, சரி விடுங்கன்னு வந்துருவாரு! ஊர்க் குழாயையெல்லாம் சரிபண்றாரு, எங்க வீட்டு சமையலறைக் குழாய் எத்தனை நாளா ஒழுகுது தெரியுமா?”

“ரெண்டு பேருமே லாயக்கில்லை போங்க.”

“அதைச் சொல்லுங்க முதல்ல!”

அப்போதுதான் நிலைய மேலாளர் கால் தடுக்கப் பைகளைத் தாண்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து, மைக்கின் ஒயரையே பிடுங்கி எறிந்தார். வெளியே முதலில் ஒரு கைதட்டல் கேட்டது. பிறகு பேருந்து நிலையமே தட்டியது. அக்கா ஒயரைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள்.

“வாயைத் தொறந்து சொல்றதுக்கென்னடி!” என்று என்மேல் பாய்ந்தாள்.

சோபாவின் மனைவி பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கூட்டத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். “என்ன, வண்டி கிளம்பலையா?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

ஜெராக்ஸ்காரர் ஜெயித்தார். நெருங்கிய போட்டிகூட இல்லை. மற்ற இரண்டு பேரும் எங்கேயோ பின்னால் நின்றார்கள். இரண்டு வீட்டு அம்மாக்களே சொல்லிவிட்டார்கள், அதற்குமேல் நமக்கென்ன தெரியும் என்று சொல்லிச் சொல்லி ஜனங்கள் மூன்றாவது ஆளுக்குக் குத்திவிட்டு வந்தார்கள். ஜெயித்தவர் கடையை மூடிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். தட்டித் தட்டித்தான் அவரை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

அக்காவுக்கு மெமோ வந்தது. பதில் எழுதும்போது, சுவிட்ச் பழுது என்று தான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததை அவள் சொல்லாமல் விடவில்லை. மேலாளர் அதற்குப் பிறகு மெமோவைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நாள் அவளைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, பதிவு செய்த குரலைப் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் குரல் வராத வண்டியையெல்லாம் வந்துவிட்டதாகச் சொல்லி ஏகப்பட்ட ரகளை. புது சுவிட்ச் மாட்டி அவளையே திரும்பக் கூப்பிட்டார்கள்.

ஆனால் அவளுக்கு ஆறாதது அது எதுவும் இல்லை. தேர்தல் முடிந்த வாரம் டூட்டி முடிந்து அவளும் நானும் பட்டறை வழியாகப் போனோம். உள்ளே பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜெராக்ஸ்காரர், கையில் வெற்றுத் தாளும் பேனாவும். வலப்பக்கம் மோட்டார்க்காரர். இடப்பக்கம் சோபா. மூவர் கையிலும் டீ.

“மெம்பர்னா முதல்ல என்ன பண்ணணும்ணே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் ஜெராக்ஸ்காரர்.

“முதல்ல மேல எழுதணும்” என்றார் சோபா.

மோட்டார்க்காரர் சிரித்தார். சோபாவும் சேர்ந்து சிரித்தார். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சோபா மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார். கேட்காமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவர் மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறார். வந்தவர் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு, இடப்பக்கமாக நின்று, காதைப் பற்றிப் பேசியது தப்பு என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். மோட்டார்க்காரருக்கு அதில் ஒரு எழுத்தும் கேட்கவில்லை. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, “விடுங்க” என்றிருக்கிறார். அதோடு விஷயம் முடிந்து டீ வந்துவிட்டது.

“பாத்தியாடி! ஊர் சிரிச்சுது, நான் மெமோ வாங்கினேன், அந்தம்மா தங்கச்சியைப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. ஆரம்பிச்ச ஆம்பளைங்க உக்காந்து டீ குடிக்கறாங்க!”

“அவர் வந்து கேட்டாரே” என்றார் மோட்டார்க்காரர்.

“என்ன கேட்டாரு, சொல்லுங்க பாக்கலாம்!”

அவர் சோபாவின் முகத்தைப் பார்த்தார். சோபா டீயைப் பார்த்தார்.

அன்று வீட்டில் பெரிய வாக்குவாதம். பேசாமலே இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்றார் மோட்டார்க்காரர். இன்னும் பலமாக அடித்திருந்தால் ஜெயித்திருப்போம் என்றான் தம்பி. இரண்டும் இல்லை என்றாள் அக்கா. முதல் நாளே நீங்கள் வாயைத் திறந்து, பம்பை நான் கெடுக்கவில்லை, மெம்பர்தான் மேலே எழுதவில்லை, வேண்டுமானால் எழுதியதைக் காட்டட்டும் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் செய்ததையும் செய்யாததையும் பேசியிருக்கலாம், அவர் பொண்டாட்டியைத் தொட்டிருக்க வேண்டாம். நீங்கள் அதையும் பேசாததால்தான் நான் இதைப் பேசினேன். இப்படி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாளாம். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, “நீ சொல்றதும் சரிதான்” என்றிருக்கிறார். அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. “சரிதான்னா அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே? இப்ப யாருக்கு வேணும் இந்தச் சரி?”

சோபாவின் மனைவி இப்போது தங்கையைப் பார்க்க அடிக்கடி வெளியூர் போகிறார். வண்டி ஏறும் முன் கண்ணாடி அறையை எட்டிப் பார்த்து, “ஆஃப்ல இருக்கா?” என்று கேட்பார். அக்கா சுவிட்ச் அணைந்திருப்பதைக் காட்டுவாள். பிறகு இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். தடுப்பில் காதை வைத்தாலும் இப்போதெல்லாம் ஒன்றும் கேட்பதில்லை.

போன மாதம் தெருக்காரர்கள் மறுபடியும் பட்டறையைச் சூழ ஆரம்பித்திருக்கிறார்கள். ஜெராக்ஸ்காரர் நல்லவர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் ஒரு நகல் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறாராம். அடுத்த தடவை நீங்களே நில்லுங்கள் என்கிறார்களாம். நான் அக்காவிடம் கேட்டேன். “அவர் நின்னு, திரும்பவும் யாராவது அவரைப் பத்திக் கண்டபடி பேசினா என்னக்கா பண்ணுவீங்க?”

“யாராவது என்னடி யாராவது?” என்றாள் அக்கா. “நிக்கட்டும், பாக்கறேன். அவருக்கு எதிரா முதல் ஆட்டோ நான்தான் விடுவேன். அவரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது வேற எவனுக்குத் தெரியும்? அத்தனையும் நிஜம் வேற.”

சொல்லிவிட்டு மைக்கை இழுத்து, “பயணிகளின் அன்பான கவனத்திற்கு” என்று ஆரம்பித்தாள்.